மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் வாஞ்சிநாதனுடைய சுக்குக் கிடங்கின் தரையில், வாசலிலிருந்து பின்சுவர் வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு உண்டு. போட்டவர் முதலாளியேதான். எறணாகுளத்தில் ஏதோ ஓட்டலில் தலைமைப் பண்பு பற்றி இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர், மறுநாள் காலையிலேயே பெயின்டரோடு வந்து நின்றார். ஆரோக்கியமான போட்டி வேண்டுமாம். வகுப்பில் மத்தியானச் சாப்பாடும் பிரமாதமாம்.

அதற்கு முன்னால் அங்கே போட்டி இல்லாமலா இருந்தது? ஆறு வருஷமாக இருந்தது. ஒரு குழுவுக்கு மாதுரி மேற்பார்வை, இன்னொன்றுக்கு ராமபத்ரன். ஆளுக்கு எட்டுப் பெண்கள். சுக்கைப் புடைத்து, தரம் பிரித்து, சாக்கில் நிரப்பித் தைக்க வேண்டும். சனிக்கிழமை எந்தக் குழு பின்தங்கியிருக்கிறதோ, அதன் மேற்பார்வையாளர் எல்லாருக்கும் சாயாவும் பரிப்புவடையும் வாங்கித் தர வேண்டும். ஒருதடவை மாதுரியின் தையல் மிஷின் மக்கர் பண்ணியது. ராமபத்ரன் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். அந்த வாரம் தோற்றது அவர்தான்.

"தின்னு, நன்னாத் தின்னு. அடுத்த வாரம் உன்னை ஒரு வழி பண்றேன்" என்று வடைப் பொட்டலத்தை நீட்டினார். மாதுரி புரைக்கேறச் சிரித்தாள்.

கோட்டோடு இன்னொரு செய்தியும் வந்தது. ஓணத்தோடு மானேஜர் ஓய்வு பெறுகிறார். இருவரில் முந்துகிறவருக்கு அந்த நாற்காலி. சுவரில் ஒரு போர்டு மாட்டி, அன்றன்றைக்கு யார் எத்தனை சாக்கு என்று எழுத ஆரம்பித்தார்கள். பின்தங்கியவர் பெயர் சிவப்பில்.

மாதுரிக்கு அந்த நாற்காலி வேண்டும். அதை மறைப்பானேன். பதினான்கு வருஷம் தூசியில் நின்றே காலம் தள்ளியவள். தங்கை வங்கியில் அதிகாரி. சொந்தக்காரர் கல்யாணங்களில் தங்கையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டு, "மாதுரி மட்டாஞ்சேரியில ஏதோ சுக்குக் கடையில இருக்கா" என்று முடித்துவிடுவார்கள். மானேஜர் என்றால் அப்படி முடிக்க முடியாது. ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் மூன்றாவது வாரமே அவள் நல்ல முறங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ராமபத்ரனும் லேசுப்பட்டவர் இல்லை. மாதுரியின் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டாம் என்று தன் பெண்களுக்கு உத்தரவு போட்டார். சாயா நின்றுபோனது.

மிதுன மாதத்து மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, மகளுக்குக் காய்ச்சல் என்று ராமபத்ரன் நாலு மணிக்கே பள்ளுருத்தி வீட்டுக்குக் கிளம்பினார். போர்டில் மாதுரி பெயர் சிவப்பில் இருந்தது. ஐந்தரைக்குப் பெண்கள் போன பிறகு, பூட்டுவதற்காகச் சாவியை எடுத்தபோது அவளுக்குச் சத்தம் கேட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கூரையில் ஓடு விலகி, ராமபத்ரனின் சாக்குகள் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கப்பல் ஏற வேண்டிய சரக்கு. தார்ப்பாய் பக்கத்திலேயே மடித்துக் கிடந்தது. மறுமுனையைப் பிடிக்க வாசலில் காவலாளி செல்லதுரை இருந்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

சாவி கையில் குத்திக்கொண்டிருந்தது. போனை எடுத்து ராமபத்ரனின் பெயர் வரைக்கும் போனாள். போகிற மனுஷர் பார்த்துவிட்டுப் போக வேண்டாமா என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். போனைப் பைக்குள் போட்டாள். பூட்டினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்தச் சொட்டு காதை விட்டுப் போகவில்லை. இறங்கித் திரும்பியிருக்கலாம். இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை கொட்டியது. திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. நாற்பது சாக்கு ஊறிப்போயிருந்தது. கப்பல் காத்திருக்கவில்லை.

"பூட்டறப்போ உனக்கு ஒண்ணும் தெரியல்லையா?" என்று முதலாளி எல்லார் எதிரிலும் மாதுரியைக் கேட்டார்.

"அது அந்தப் பக்கம் சார்" என்றாள். பொய் சொல்லவில்லை என்று அவள் மனசு உடனே அவளுக்குச் சமாதானமும் சொன்னது. பின்னால் நின்ற அவள் குழுப்பெண் செல்வலட்சுமி ஆமாம் என்று தலையாட்டினாள்.

சரக்கை மூடாமல் போனார் என்று ராமபத்ரனுக்கு வேலை போனது. அவர் குழுவின் எட்டுப் பெண்களில் நாலு பேரையும் நிறுத்தினார்கள். கடைசிச் சனிக்கிழமை அவர் சாயாவும் பரிப்புவடையும் வாங்கிக்கொண்டு வந்தார். தோற்றவர் வாங்க வேண்டும் என்பதுதானே ஏற்பாடு. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு மாதுரியிடம் வந்தார்.

"சொட்டற சத்தம் வாசல் வரைக்கும் கேக்குமே மாதுரி" என்றார்.

மாதுரி வடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ பண்ணினதை நான் யார்கிட்டயும் பறையல்லை. பறையவும் மாட்டேன். உன் எடத்துல நான் இருந்தா தார்ப்பாயை இழுத்திருப்பேனான்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். தெரியல்லை. அதாக்கும் நேக்குப் பயமா இருக்கு."

"அண்ணா..." என்றாள்.  அவர் காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.  வெட்கத்தில் மாதுரி வடையைக் கடிக்காமலே பக்கத்துச் சாக்கின் மேல் வைத்தாள்.

ஓணம் கழிந்து மாதுரி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சொந்தக்காரர்கள் போனில் வாழ்த்தினார்கள். முதல் வேலையாகக் கோட்டை அழித்துவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டாள்.

"எதுக்கு? அதனாலதானே நீயே மேலே வந்தே" என்றார் அவர். கோடும் போர்டும் அப்படியே இருந்தன. ஒரு பக்கத்துக்குச் செல்வலட்சுமியையும் மறுபக்கத்துக்குச் சுதீர் என்ற புது ஆளையும் போட்டார்கள். இந்த இரண்டு பேரில் முந்துகிறவருக்கு என்ன தரப்போகிறார் என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே வேலை நடந்தது.

துலாம் மாதத்தில் ஒருநாள் மத்தியானம், இடியோடு மழை. துறைமுகத்துக்குப் போயிருந்த மாதுரி நனைந்துகொண்டு திரும்பி வந்தாள். சுதீரும் அவன் பெண்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் சாக்குகள் மேல் தண்ணீர் கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. நாலு முழம் தள்ளி, செல்வலட்சுமியின் எட்டுப் பெண்களும் குனிந்த தலை நிமிராமல் சுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்துண்டு சும்மாவா உக்காந்திருக்கேள்? செல்வலட்சுமி, கண்ணு தெரியல்லையா நோக்கு?"

செல்வலட்சுமி மரியாதையாக எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை.

"அது அந்தப் பக்கம்ல மேடம்."

  மாதுரி கோட்டைத் தாண்டி ஓடி, தார்ப்பாயை உதறி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் உச்சந்தலையில் விழுந்து முகத்தில் வழிந்தது. மறுமுனை தரையில் கிடந்தது.

"யாராவது வாங்கோளேன்" என்றாள். குரல் கெஞ்சியது.

எட்டுப் பேரும் செல்வலட்சுமியைப் பார்த்தார்கள். செல்வலட்சுமி போர்டைப் பார்த்தாள்.