அட்டவணைக்குக் கீழே ஒரு வரி

அண்ணன் அனுப்பியிருந்த கட்டுரையில் பதினோரு இடங்களில் அடைப்புக்குறிகள் வெறுமையாக இருந்தன. முடிவை முதலிலேயே எழுதிவிட்டார். அந்த முடிவுக்கு முட்டுக்கொடுக்கும் ஆய்வுகளைத் தேடி நிரப்புவது தங்கையின் பாடு. பல்கலைக்கழக நூலகத்தில், ஆய்வாளர்களுக்குக் கட்டுரை தேடிக் கொடுக்கும் மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள். நாற்பத்தாறு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"ரெண்டு நாள்ல முடிச்சிடு பாப்பா. பேராசிரியர் பதவிக்கு இந்த ஒண்ணுதான் குறையுது."

படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டியதில்லை, ஆறு மணிக்கொரு தரம் போதும் என்றது கட்டுரை. படித்ததுமே அவளுக்கு அந்த வாடை மூக்கில் ஏறியது. அப்பாவின் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். துணியை எடுத்தால் சீழோடு தோலும் சேர்ந்து வரும். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் சாப்பிட உட்காரும்போது கையில் அது இருக்கும். அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அண்ணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியோடு நின்று, எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்டுவிட்டுப் போனவர்.

இருந்தாலும் தேடினாள். வேலையென்று வந்தால் அவளுக்கு அரைகுறை பிடிக்காது. தேடுசொற்களை மாற்றி மாற்றிப் போட்டாள். கிடைத்த கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பழையவற்றுக்குப் போனாள். எல்லாமே அண்ணனுக்கு எதிராகப் பேசின. ஒன்றே ஒன்று ஆறு மணி நேரம் என்றது. இணையத்தில் அதன் சுருக்கம் மட்டுமே இருந்ததால், முழுக் கட்டுரையை வேறொரு ஊர் நூலகத்திலிருந்து வரவழைத்தாள். அட்டவணைக்குக் கீழே, கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: காற்று மெத்தையில் இருந்தவர்களுக்கும், தாமாகவே ஓரளவு அசையக்கூடியவர்களுக்கும் மட்டுமே இம்முடிவு பொருந்தும்.

அண்ணன் நேரிலேயே வந்தார். அந்த வரியைப் படித்தார்.

"அடிக்குறிப்பை எவன் படிக்கப்போறான்?"

"ஜனங்களுக்குப் புண்ணு வரும்ணா."

"நானா வரவைக்கிறேன்? கட்டுரைதானே எழுதறேன்."

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வந்திருந்தார். பேசிக்கொண்டே பல்லைக் குத்தி, வந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் மேசை விளிம்பில் தடவினார். அவர் போன பிறகு அவள் அந்த இடத்தை மூன்று தடவை துடைத்தாள். துடைத்தாளே தவிர, வெளியூர்க் கட்டுரையை அவர் எடுத்துக்கொண்டு போனபோது கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

அடிக்குறிப்பை விட்டுவிட்டு, பதினோரு இடத்திலும் அந்த ஒரே ஆய்வோடு, நான்கு மாதத்தில் அண்ணனின் கட்டுரை வெளியானது. அண்ணன் பேராசிரியரானார்.

மழைநாள் ஒன்றில் நீலச் சீருடையில் ஒரு பெண் வந்து அதே கட்டுரையைக் கேட்டாள்.

"முதியோர் இல்லத்துல வேலை பாக்கறேன் மேடம். இதைக் காட்டித்தான் எங்கள்ல பாதிப் பேரை நிறுத்திட்டாங்க. இப்ப மூணு பேருக்கு முதுகெல்லாம் புண்ணு. நிஜமாவே இதுல அப்படிப் போட்டிருக்கான்னு பாக்கணும்."

இவள் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் எழுத்துக் கூட்டாத குறையாக ஒவ்வொரு பக்கமாகப் படித்து, கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

"ஆய்வுகளைத் தேடித் தந்த நூலகர், என் தங்கைக்கு நன்றின்னு இருக்கே. இங்கயா இருக்காங்க?"

"நான்தான்."

அந்தப் பெண் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

இவள் எழுந்து உள்ளே போய், வெளியூரிலிருந்து வந்த கட்டுரையில் தான் எடுத்து வைத்திருந்த நகலைக் கொண்டு வந்தாள்.

"இதையும் படிங்க. அட்டவணைக்குக் கீழ பாருங்க. யாரு கேட்டாலும் நான்தான் கொடுத்தேன்னு சொல்லுங்க."

நீட்டிய கையிலிருந்து அந்தப் பெண் வாங்கவில்லை.

"மேசையில வைங்க," என்றாள்.

வைத்தாள். அந்தப் பெண் கண்ணாடியைச் சீருடை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, பொடி எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, சொல் சொல்லாக நகர்த்தத் தொடங்கினாள். வெடிப்போடிய விரல். கிருமிநாசினியில் ஊறி ஊறி நகத்தோரம் வெளுத்திருந்தது. அது வரியின் பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து நகர்ந்தது.