பச்சைத் தண்ணீர்

ஆலை முதலாளி பௌதிகம் படித்த எங்களுக்கு ஆய்வுக்கூடம் கட்டிக்கொடுத்தது பௌதிகத்தின் மேல் உள்ள ஆசையால் அல்ல. குறைந்த கரியில் நிறைய நீராவி வேண்டும், அவ்வளவுதான். நாங்களும் யோக்கியர்கள் இல்லை. அவருடைய பாய்லர் மட்டும் இல்லையென்றால் நீராவியைப் பற்றி எங்களுக்கு என்ன தெரிந்திருக்கும்?

அன்று காலை சூடு அளக்கப் பாய்லர் அறைக்குப் போனேன். பாய்லரைப் பார்த்துக்கொள்பவன் என் தம்பி. அவசர ஆர்டராம். மானேஜர் பின்னால் நின்று, "போடு, இன்னும் போடு" என்று அவனைக் கரி அள்ள வைத்துக்கொண்டிருந்தார். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக்குழாயைப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் ஏற்றும் பம்பு எப்போதோ நின்றிருக்கிறது.

தம்பியும் அப்போதுதான் பார்த்தான். முகம் வெளிறிப்போய், மாற்றுத் தண்ணீர்க் குழாயின் திருகைப் பிடித்தான். காய்ந்த பானையைக் கண்டால் தண்ணீர் ஊற்றத்தானே எவருக்கும் கை போகும்?

"தொடாதடா!"

"அக்கா, உள்ள காய்ஞ்சு கெடக்கு!"

"அதனாலதான் சொல்றேன். இரும்பு பழுக்கக் காய்ஞ்சிருக்கும். பச்சைத் தண்ணி பட்டா அத்தனையும் நொடியில ஆவியாகும். அது போக எடம் ஏது? பாய்லரே வெடிச்சுடும். நெருப்ப வெளிய இழு!"

மானேஜர் குறுக்கே வந்தார். "நெருப்ப எடுத்தா ஆலையே நின்னுடும்மா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நீ தொறப்பா."

தம்பியின் கை திருகிலேயே இருந்தது. பிள்ளைகுட்டிக்காரன். அந்த வேலைதான் வீட்டுக்குச் சோறு. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஆள். எனக்குப் பயத்தில் அழுகை வந்தது. கோபத்திலும்தான்.

"நான் இங்கயேதான் நிப்பேன். தொறக்கறதுன்னா தொற" என்றேன்.

திருகை விட்டான். பௌதிகத்தை நம்பினானா, அக்காவுக்காக இறங்கினானா, தெரியாது. நீளக் கம்பியை எடுத்து, எரிகிற கரியை வெளியே இழுத்துத் தள்ளினான். தறிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சு விட்டேன்.

"வெடிச்சுதா?" என்றார் மானேஜர்.

"அதான் தண்ணி விடலையே!"

"வெடிக்கலையில்ல? அப்புறம் எதுக்கு ஆலைய நிறுத்தினீங்க?"

அவருக்கு நான் எதைக் காட்டுவேன்? வெடித்திருந்தால் நிரூபணம் கிடைத்திருக்கும், தம்பி கிடைத்திருக்க மாட்டான். சாயங்காலமே அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் தம்பி மெல்லக் கேட்டான். "அக்கா, தண்ணி விட்டிருந்தா, ஒருவேளை ஒண்ணும் ஆகியிருக்காதோ?"

ஓங்கி அறையலாம் போல இருந்தது. ஆனால் சில பாய்லர்கள் தாங்கிக்கொள்வதும் உண்டு. இது தாங்கியிருக்காது என்று சத்தியம் செய்ய என் படிப்பு விடவில்லை.

"இருக்கலாம்டா" என்றேன்.

அவன் எனக்கு முன்னால் நடந்தான். நடக்கட்டும். நடக்கிறானே.