பிரியாணிக் கொழுப்பில் ஈயம் ஏறிய மட்கார்டு

தங்கமுத்துவின் அம்பாசிடருக்குத் திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டி வரை நாற்பத்திரண்டு நாய்கள் காவல் வந்தன. ஒன்றுகூடக் குறையாது. எந்த மந்திரிக்கும் அப்படியொரு வரிசை வாய்த்ததில்லை.

அன்று காலையிலிருந்தே அவருக்கு மண்டை காய்ந்துகொண்டிருந்தது. வண்டியின் இடது மட்கார்டில் ஒரு பள்ளம். மழை பெய்தால் எருமை இறங்கிக் குளிக்கும். மூன்று முறை பட்டிப் பசை பூசி அடைத்தார். மூன்று முறையும் வேகத்தடையில் பெயர்ந்து விழுந்தது. மனைவி சொர்ணலட்சுமிக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னைக்கு நாலு மணிக்குக் காயலான் கடைக்காரரு வாராரு. அதுக்குள்ள பள்ளத்த மூடி வாசல்ல கொண்டாந்து நிறுத்தலைன்னா, வண்டியத் தூக்கிக் குடுத்துருவேன்."

அப்பா காலத்து வண்டி. தங்கமுத்து வண்டியோடு திண்டுக்கல் டிங்கரிங் பட்டறை அப்துல் சுக்கூரிடம் ஓடினார். சுக்கூர் பட்டியைத் தொடாதவர். தகரத்தைச் சூடாக்கி, ஈயக்கட்டியை வெண்ணெயாய் இளக்கி, மரக்கட்டையால் தடவி நிரவுவார். அன்று பார்த்து இரண்டு தடவை சூடு கூடிப்போய், ஈயம் அத்தனையும் தரையில் சொட்டியது. மணி ஒன்றரை.

"கட்டையில ஒட்டுதுண்ணே. கொழுப்புத் தடவினாத்தான் வழுக்கும். கறிக்கடையில கொஞ்சம் வாங்கிட்டு வாங்க."

கறிக்கடை சாத்தியிருந்தது. தங்கமுத்து எரிச்சலோடு பிரியாணிக் கடைக்குள் புகுந்து, அண்டாவின் மேலே மிதந்ததைத் தூக்குவாளியில் வாங்கிவந்தார்.

சுக்கூர் மோந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! பட்டை, கிராம்பு எல்லாம் கெடக்கு. மட்கார்ட அடைக்கச் சொன்னீகளா, தாளிக்கச் சொன்னீகளா?"

"நேரமில்ல பாய். தடவித் தொலைங்க!"

ஈயம் கண்ணாடியாய் ஏறியது. மணமும் ஏறியது. பார்சல் கேட்டு ஏழு பேர் வந்தார்கள். எட்டாவதாக வந்தது நாய்.

"பெயிண்டுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவணும்ணே."

"நாளைக்குக் கழுவிக்கிறேன்!"

திரும்பும் வழியில், அம்பாத்துரைப் பிரிவில் சொர்ணலட்சுமியின் போன் வந்தது. "எங்க இருக்கீக?"

"நாய் மறிக்குது சொர்ணம். திண்டுக்கல் நாயெல்லாம் களைச்சு நின்னா, இந்த ஊரு நாய் வந்து சேந்துக்கிருது."

"பொய்க்கும் ஒரு அளவு வேணாமா? மணி நாலு. அவரு காபி குடிச்சிட்டு ஒக்காந்திருக்காரு." போனை வைத்துவிட்டாள்.

நாலே காலுக்கு வண்டி சின்னாளபட்டியில் அவர்கள் தெருவுக்குள் ஊர்ந்தது. சொன்ன சொல் மாறாத சொர்ணலட்சுமி, "எடுத்துக்கங்கண்ணே" என்றாள். காயலான் கடைக்காரர் மட்கார்டில் கை வைக்கப் போனார். நாற்பத்திரண்டு வாய்களும் ஒரே நேரத்தில் பல்லைக் காட்டின. அந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கமும் பல். மனிதர் தன் மினி லாரியின் கூரைமேல்தான் அடுத்த மூச்சை விட்டார்.

"இந்த வண்டியே வேணாந்தாயி!"

லாரி போன திசையையும், மட்கார்டை நக்க முண்டியடித்த கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி சொர்ணலட்சுமி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விரல் நீட்டி எண்ணினாள். சந்தேகம் வந்து, மறுபடியும் எண்ணினாள்.

"நெசந்தாங்க" என்றாள் கடைசியில். "வழி பூரா வந்துதான் இருக்கு."