நாலாய்ப் பிரித்த பொட்டலம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு தின்றதும் உடையப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அறையில் மற்றவர்கள் படம் போடுவார்கள். அவர் பார்க்க மாட்டார். கூலி வாங்கிக்கொண்டு அழுகிறவனையும் கூலி வாங்கிக்கொண்டு சிரிக்கிறவனையும் நம்பி மூன்று மணி நேரம் உட்கார என்ன கேடு என்பது அவர் கட்சி. ஐம்பத்தாறு வயதில் முழுசாகப் பார்த்த படம் என்று ஒன்று கிடையாது.

அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தார். படத்துக்காக இல்லை. படுத்தால் போன் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் போடுகிற நாள். எட்டு வருஷமாக மகள் உமாராணிதான் எடுப்பாள். "அம்மா குளிக்குதுப்பா" என்பாள், "அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டுது" என்பாள். போன மாசம் அவளுக்குக் கல்யாணம் ஆகித் திருப்பூர் போய்விட்டாள். இவருக்கு லீவு கொடுக்கவில்லை. இனி அந்த வீட்டில் மணி அடித்தால் எடுக்க அவர் பெண்டாட்டி வீரம்மாள் ஒருத்திதான். எடுப்பாளா, தெரியாது. மூன்று வெள்ளிக்கிழமையாக இவர் போடவும் இல்லை. கம்பெனியில் விசாவை முடித்துவிட்டார்கள். அடுத்த வியாழன் விமானம். ஓமான் நாட்டுச் சோஹாரில் பதினெட்டு வருஷம் கொத்துவேலை, கலாஸ், முடிந்தது. முகம் கொடுத்துப் பேசாத பெண்டாட்டியோடு ஒரே கூரைக்குள் மிச்சக் காலத்தை எப்படித் தள்ளுவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

"சித்தப்பா எந்திரிச்சுட்டாரு, இன்னைக்குப் பாலைவனத்துல மழைதான்," என்றான் அறைக்காரப் பையன் விமல். "கறுப்பு வெள்ளப் படம். எங்கப்பா வாலிபத்துல பாத்தது. லவ்வு, காமெடி, எல்லாம் இருக்கும். வயிறு புண்ணாயிரும், பாருங்க."

கதை இதுதான். பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு ஊரில் ஒரு பெண்ணை நிச்சயம் பண்ணியிருக்கிறார்கள். அவள் எப்படிப்பட்டவளோ என்று அவனுக்குச் சந்தேகம். கூட்டாளியை அனுப்பிப் பார்க்கிறான். கூட்டாளி ஒருநாள் வளையல்காரனாகப் போகிறான், ஒருநாள் சோசியக்காரனாக, ஒருநாள் சாமியாராக. போகிற இடத்திலெல்லாம் ஒட்டுமீசை கழன்றுகொள்கிறது. விமல் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

மேல்கட்டிலில் படுத்திருந்த ரெங்கராஜும் சிரித்தான். அவனுக்கு நாற்பது நெருங்குகிறது. உடையப்பனோடு அதே அறையில் பன்னிரண்டு வருஷம்.

"ஏண்ணே, இவனுக்கும் பொட்டலத்த நாலாப் பிரிச்சுக் குடுத்துவிட்டுருப்பாய்ங்களோ?" என்றான்.

"என்ன பொட்டலம்?" என்றான் விமல்.

"பொத்திக்கிட்டுப் படத்தப் பாருங்கடா," என்றார் உடையப்பன்.

லீவில் போகிறவன் அறைக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். ஒரு பொட்டலம், ஒரு தடவை, ஒரு வாய்க் காப்பி, வந்துவிடுவான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ரெங்கராஜ் லீவில் கிளம்பியபோது உடையப்பன் சாமானை நாலாகப் பிரித்தார். சோப்பு தனி, தைலம் தனி, போர்வை தனி, மகளுக்குச் சட்டைத் துணி தனி. "ஒரே நாள்ல குடுத்துறாத. சொல்லாமப் போ. உச்சி வெயில்ல ஒருதரம், பொழுது சாய ஒருதரம். வாசல்ல யாரு செருப்புக் கெடக்குன்னு பாரு," என்றார். வீரம்மாளைப் பற்றி எவனும் ஒரு சொல் சொன்னதில்லை. ஒரு மொட்டைக் கடுதாசிகூட வந்ததில்லை. இவர் புத்தி அப்படி.

அந்த வாசலில் கிடந்த ஒரே ஆம்பளைச் செருப்பு ரெங்கராஜுடையது. தெருவும் அதைத்தான் பார்த்தது. புருசன் இல்லாத வீட்டுக்கு ஒரு வாலிபன் பதினைந்து நாளில் நாலு தடவை வந்துபோனால் குழாயடி சும்மா இருக்குமா? வீரம்மாளின் அண்ணன் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார். நாலாம் தடவை வந்தவனை வீரம்மாள் நிறுத்தி வைத்துக் கேட்டாள். அவன் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

அன்றையிலிருந்து அவள் போனுக்கு வருவதில்லை. அதற்குப் பிறகு உடையப்பன் மூன்று தரம் லீவில் போனார். சோறு வைத்தாள். பேச்செல்லாம் மகள் வழியாக. இவரும் ஊரில் ஒருவரிடமும் நடந்ததைச் சொல்லவில்லை. மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அவளுடையது போனது பரவாயில்லை.

படத்தில் அந்தப் பெண் சாமியாரின் தாடியைப் பிடித்து இழுத்தாள். குட்டு உடைந்தது. அனுப்பியவன் அவள் எதிரே வந்து நின்றான். உடையப்பன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இப்போது இவன் என்ன சொல்வான்? அதை அப்படியே மனசில் பிடித்துக்கொண்டால் போனில் சொல்லிவிடலாம்.

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு துரத்தினாள். அவன் வைக்கோல் போரில் தலைகுப்புற விழுந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டு, மாலை, கல்யாணம்.

"அவன் ஒண்ணுமே சொல்லலியேடா?"

"என்னத்தச் சித்தப்பா?"

"தப்புத்தேன்னு ஒரு வார்த்த."

"காமெடிப் படத்துல என்ன தப்பு? அதான் அந்தப் புள்ளையே சிரிச்சிருச்சுல்ல."

சிரிக்கத்தான் செய்வாள். வளையல்காரன் வந்தான், சோசியக்காரன் வந்தான், படத்தில் அந்தத் தெருவில் எட்டிப் பார்க்க ஒரு கதவுகூடத் திறக்கவில்லை, எந்தக் குழாயடியும் பேசவில்லை. உடையப்பன் அதைக் கவனித்திருந்தார்.

சட்டையை மாட்டிக்கொண்டு கேம்ப் வாசலில் இருந்த கார்டு போனுக்குப் போனார். வெயில் இன்னும் இறங்கவில்லை. மணி வெகுநேரம் அடித்தது.

"அலோ."

குரல் தடித்திருந்தது. வேறு யாரோ என்று நினைத்தார்.

"நாந்தேன்."

அவள் போனை வைத்துவிடவில்லை.

"அன்னைக்கு ரெங்கராச அனுப்புனது... தப்பு எம்மேலதான்."

"அத எதுக்கு எங்கிட்டச் சொல்றீக? எனக்குத்தான் தெரியுமே. குழாயடில போயிச் சொல்லணும். எங்கண்ணங்கிட்டச் சொல்லிருக்கணும். மனுசன் செத்து ரெண்டு வருசமாச்சு. கடசிவரைக்கும் இந்த வாசல மிதிக்காமலே செத்தாரு."

"வெசாழக்கெழம வாரேன்," என்றார்.

"வாங்க. ஒங்க வீடு."

வைத்துவிட்டாள்.

திரும்பினால் ரெங்கராஜ் நின்றுகொண்டிருந்தான். பின்னாலேயே வந்திருக்கிறான்.

"மதினி எடுத்துச்சாண்ணே?"

"எடுத்தா."

"என்ன சொல்லுச்சு?"

"வீடு என்னோடதாம்."

"நல்லதுதானண்ணே," என்றான் ரெங்கராஜ். உடையப்பன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்கு நடந்தார்.