இட்சுமி கையை உயர்த்தினாள்

...இல்லை, அந்த ஆள் யாரோ ஒரு பிள்ளையின் தகப்பனாக இருக்கலாம், நிற்கிற ஆள்களையெல்லாம் சந்தேகப்பட்டால் எப்படி என்று ரஞ்சினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் தகப்பன் என்றால் பிள்ளையையல்லவா பார்ப்பான், கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று ஃபோனை ஏன் இட்சுமியின் பக்கமே திருப்புகிறான்... கிரான்பர்ன் மைதானத்தில் சனிக்கிழமைக் காலைக் காற்று காதை அறுத்தது, மகள் ஆரணி பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஜப்பான்காரி இட்சுமி ஒருகாலத்தில் தன் நாட்டுப் பெண்கள் கால்பந்து அணிக்கு ஆடி ஓய்வு பெற்றவள் என்பது போன மாதம்வரை இங்கே ஒருவருக்கும் தெரியாது, தெரியாமலே இருந்திருக்கலாமே, யார் கேட்டது, ரஞ்சினிதானே அந்தச் சின்ன வீடியோவைப் போட்டாள், 'எங்கட கோச் ஆரெண்டு தெரியுமோ' என்று, மைதானத்தின் பெயரையும் சேர்த்து... அதில் இட்சுமி சிரித்தபடி கையை உயர்த்துகிறாள், அவ்வளவுதான், அது உலகம் முழுக்கப் போய்விட்டது, அவளுடைய பழைய கோல்களைத் தோண்டியெடுத்துப் பாட்டோடு ஒட்டினார்கள், வயதே தெரியவில்லை என்றார்கள், கலியாணம் கட்டிவிட்டாளா என்றார்கள், ரஞ்சினி அதையெல்லாம் நின்று வாசித்தாளா என்ன, தன் பெயருக்குக் கீழே இதயங்கள் குவிவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வேலையிடத்தில் அவள் வாய் திறந்தால் திரும்பியும் பார்க்காதவர்கள்கூட அந்த வாரம்...

கணவன் கேதீஸ்வரனுக்கு ஃபோன் எடுத்தாள். "இஞ்ச ஒருத்தன் நிண்டு படமெடுக்கிறான்." "அந்த வீடியோவை அழியும் எண்டு அண்டைக்கே சொன்னனான், நீர் கேட்டனீரே?" கேட்கவில்லை, ஓம், கேட்கவில்லை, இப்போது அழித்தால் மட்டும் போகுமா, எத்தனை பேர் எடுத்து வைத்திருப்பார்கள்... அந்த ஆள் வெள்ளை எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான். இட்சுமி பிள்ளைகளைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, சிரித்தபடி, உள்ளங்கை வெளியே தெரியக் கையை உயர்த்தினாள், அவனும் மகிழ்ந்துபோய்த் திருப்பிக் கையசைத்தான், வீடியோவில் இருந்த அதே கை, அதே சிரிப்பு, அது வணக்கமில்லை, வேண்டாம் என்கிறாள், அன்றைக்கு ரஞ்சினி வீடியோ எடுத்தபோதும் வேண்டாம் என்றுதான் சொன்னாளா, தன்னைப் பார்த்து...

கால் தானாக நடந்தது. "பிள்ளைகள் விளையாடுகிற இடம், வெளியே போங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "இந்த வீடியோவைப் பார்த்துத்தானே சிட்னியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தேன், நீங்கள் யார் கேட்பதற்கு?" அவன் நீட்டிய திரையில் ரஞ்சினியின் பெயர். "அதைப் போட்டது நான்தான்" என்றாள், வழியை விட்டு நகரவில்லை, அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான், கார் மட்டும் நெடுநேரம் கிளம்பாமல் நின்றது. அங்கேயே நின்று வீடியோவை அழித்தாள், நெஞ்சு லேசாகும் என்று நினைத்தாள், ஆகவில்லை.

பயிற்சி முடிந்து ஆரணி ஓடிவந்தாள். "அம்மா, டிட் யூ சீ மை கோல்?" எந்தக் கோல், எப்போது அடித்தாள்... "ஓம் குஞ்சு, கண்டனான்." பின்னால் வந்த இட்சுமியிடம், மன்னித்துவிடுங்கள், அழித்துவிட்டேன் என்றாள். இட்சுமி தலையைத் தாழ்த்தி, "நன்றி, ஆரணி இன்றைக்கு நன்றாக ஓடினாள்" என்றாள், அதே மென்மையான குரல், கோபம் இல்லை, இருந்தாலும் காட்டுகிற ஆள் இல்லை, என்ன நினைக்கிறாள் என்று முகத்தில் தேடியபோதுதான் தெரிந்தது, இட்சுமி இவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கிறாள், ஃபோன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று... எத்தனை கிழமையாக இப்படித்தான் பார்த்திருப்பாள்?