மலைச்சாமி எடுத்த முடிவு

மலைச்சாமிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனது முதல் மருமகள் உமாதேவிதான் அவரைப் பார்த்துக்கொண்டாள். மகன் விஜயபாண்டிக்குக் குமுளிக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. விடியுமுன் சுருளிப்பட்டியிலிருந்து கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவான். மகள் மாரீஸ்வரியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தது. ஆக, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் உமாதேவியின் பாடாயிற்று.

முதலில் இருவருக்குமே கூச்சம். அவள் வேட்டியை அவிழ்க்கும்போது அவர் கண்களை இறுக மூடிக்கொள்வார். அவள் சுவரைப் பார்த்தபடி துடைத்துவிடுவாள். ஒருநாள் குழறிய நாக்கால், "எங்க ஆத்தாவுக்குப் பெறகு நீதாம்மா" என்றார். அன்றோடு அந்தக் கூச்சம் போனது.

நாலு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு காலையில் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது உமாதேவியின் இடுப்பில் சுரீரென்று ஏதோ பிடித்தது. அவள் தரையில் சாய, அவர் அவள்மேல் விழுந்தார். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துதான் இருவரையும் பிரித்துத் தூக்கினார்கள். தேனியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஜவ்வு விலகியிருக்கிறது, ஆபரேஷன் செய்யவேண்டும், அதன்பிறகு கனமாக எதையும் தூக்கவே கூடாது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரியும் வந்திருந்தாள். மலைச்சாமியின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். ஆள் வைத்துப் பார்க்கலாம் என்றால், இடையில் சில வாரம் வைத்துப்பார்த்த ஆள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. உத்தமபாளையம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடப்பவர்களையும் சேர்த்துக்கொள்வதாக யாரோ சொல்லியிருந்தார்கள். விஜயபாண்டி அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"பிள்ளையும் மருமகளும் இருக்கையில அப்பாவை அங்கன கொண்டுபோய்ப் போடுவீகளாண்ணே?" என்றாள் மாரீஸ்வரி.

"அப்ப நீ கூட்டிட்டுப் போறியா?"

"எங்க மாமியாரே படுத்த படுக்கை. வீடு மாடியில. நான் எப்படிண்ணே?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மலைச்சாமி வலது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னைய அங்கனயே விட்ருங்க."

"அப்பா, ஊருக்குள்ள நான் தலை காட்ட வேணாமா?" என்றான் விஜயபாண்டி.

"ஊரா வந்து என்னையத் தூக்குது? இந்தப் பிள்ள கத்துனது இன்னும் என் காதுல கெடக்குடா."

'வேண்டாம் மாமா' என்று சொல்ல உமாதேவி வாயெடுத்தாள். சொல் வரவில்லை. மாறாக, மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதை உணர்ந்ததும் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

ஆபரேஷன் முடிந்து அவள் படுத்திருந்த நாட்களில் விஜயபாண்டி மட்டும் வாராவாரம் இல்லத்துக்குப் போய்வந்தான். "நல்லாருக்காக" என்பான். அதற்குமேல் கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

இடுப்புக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு உமாதேவி முதன்முதலாகப் போனபோது மலைச்சாமி பாதியாகியிருந்தார். இடம் சுத்தமாகத்தான் இருந்தது. பார்த்துக்கொள்ளும் பெண்ணும் நல்லவள். "குளிக்க, துணி மாத்த எல்லாம் சரியா இருக்காகக்கா. ஊட்டுனாத்தான் வாயத் தொறக்க மாட்டேங்குறாக" என்றாள். உமாதேவி தட்டை வாங்கிச் சோற்றைக் குழையப் பிசைந்தாள். அவர் வாயைத் திறந்தார்.

அதன்பிறகு உடம்பு ஒத்துழைத்த நாளெல்லாம் அவள் பஸ் ஏறிப் போனாள். ஒரு நாள் தாங்கமாட்டாமல், "வீட்டுக்குப் போயிருவோம் மாமா. எப்படியாச்சும் பாத்துக்கிறேன்" என்றாள்.

அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "போனா நீ தூக்குவ."

"சத்தியமாத் தூக்க மாட்டேன்."

"தூக்குவ. எனக்குத் தெரியும்."

மார்கழியில் ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாரீஸ்வரி வந்து விழுந்து அழுதாள். "பெத்த பிள்ள இருந்தும் அனாதையாச் சாகவிட்டீகளே! மதினி, உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்றாள். கூடியிருந்தவர்கள் உமாதேவியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நிலைப்படிக்குப் போய்விட்டாள்.

குளிப்பாட்ட வாசலில் பெஞ்சைப் போட்டார்கள். விஜயபாண்டிக்கு அப்பாவை எப்படித் திருப்புவதென்று தெரியவில்லை. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் சரிந்தது. நிலைப்படியில் நின்றிருந்த உமாதேவி தன்னையறியாமல் சொன்னாள்: "கழுத்துக்கு ஒரு கை குடுங்க. முதுகுல புண்ணு இருக்கு, அழுத்தித் தேய்க்காதீக."

விஜயபாண்டியின் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. பிறகு தங்கையிடம் திரும்பி, "மதினிய ஒரு சொல்லு சொல்லாதே மாரி. அப்பனுக்கு நான் தண்ணி ஊத்துறதே இன்னைக்குத்தான்" என்றான். மாரீஸ்வரி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மதினியை அதற்குப்பின் ஒன்றும் சொல்லவில்லை.

உமாதேவிக்கு அது ஆறுதலாக இல்லை. உயிரோடு இருக்கும்போது லீவு நாளில் மட்டுமாவது புருஷனின் கைகள் உதவிக்கு வந்திருந்தால், தன் இடுப்பும் போயிருக்காது, மாமாவும் இந்த வீட்டிலேயே கண்மூடியிருப்பார் என்று நினைத்தாள். அதை இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? உள்ளே போய் உலர்ந்த துண்டு ஒன்றை எடுத்துவந்து கணவனிடம் நீட்டினாள்.