ஊற்றாத தண்ணீர்

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் எங்கள் கரைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலிருந்த பாதை அறுந்துபோயிற்று. பங்குச் சுவாமியார் வர வழியில்லை. கோயிலைப் பார்த்துக்கொண்டவன் நான், உபதேசியார் மரியநாயகம். பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தவன். நான் நரகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் குழப்படிக்காரப் பிள்ளைகளும் அழுவார்கள் என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு மத்தியானம் மருமகன் யாக்கோப்பு முழங்கால் தண்ணீருக்குள்ளால் ஓடிவந்தான்.

"மாமா, பிள்ளை பிறந்திட்டுது. ஆனா அழேல்லை. கெதியா வாங்கோ."

மகள் சுசிலாவுக்கு இன்னும் மாதம் நிறையவில்லை. ஆபத்து நேரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று யாக்கோப்புக்கும் நான்தான் படிப்பித்திருந்தேன். பயந்துபோனவனுக்குப் படித்தது எங்கே நினைவிருக்கும்?

தீர்த்தப் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினேன். யாக்கோப்பு வாசலோடு நின்றுவிட்டான். உள்ளே மருத்துவிச்சி நாகேஸ்வரி துணியில் சுற்றிய பிள்ளையைக் கையில் வைத்திருந்தார். முள்ளியவளைச் சைவ மனுசி. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பதான் உபதேசியார். நாலைஞ்சு மூச்சு விட்டது. பிறகு நிண்டிட்டுது."

பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. செத்த உடலுக்கு ஞானஸ்நானம் கிடையாது. போத்தல் மூடியை நான் திறக்கவேயில்லை.

சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த சுசிலா கேட்டாள்: "அப்பு, தண்ணி ஊத்தினீங்களோ?"

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை மோட்சம் காணாது. சேமக்காலையில், கல்லறைகளுக்கென்று மந்திரித்த மண்ணில், அதற்கு இடமில்லை. வேலிக்கு வெளியே, காட்டோரத்தில்தான் புதைக்கவேண்டும். அவளும் என்னிடம் இதைக் கேட்டு வளர்ந்தவள்.

"ஓம் மோனை, ஊத்தினனான்."

"என்ன பேர் வச்சனீங்கள்?"

"யூலிற்றா," என்றேன். செத்துப்போன என் மனைவியின் பேர். வேறொன்றும் வாய்க்கு வரவில்லை.

நாகேஸ்வரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் துணிகளை ஒதுக்கத் தொடங்கினார்.

அன்று பின்னேரமே சேமக்காலையில், மனைவியின் குழிக்குப் பக்கத்தில், பிள்ளையை அடக்கம் செய்தோம். செபம் சொன்னவனும் நான்தான். வெட்ட வெட்டக் குழிக்குள் தண்ணீர் ஊறியது. மண் பிள்ளையை ஏற்க மறுக்கிறது என்றே எனக்குப் பட்டது. செபத்தில் ஒரே வரியை நான் இரண்டு தடவை சொன்னதை ஊரார் துக்கம் என்று நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் பயத்தோடுதான் நடமாடினேன். மணிக்கயிற்றைப் பிடித்தால் கூரை என் தலையில் விழப்போகிறது என்று தோன்றும். பிள்ளைகளுக்கு நரகத்தைச் சொல்லும் பாடம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். நாகேஸ்வரி சந்தையில் யாரோடாவது கதைத்துக்கொண்டு நின்றால் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிடுவேன். ஒருநாள் அவரை வழியில் மறித்துக் கேட்டே விட்டேன்.

"ஆரிட்டையும் சொன்னனீங்களோ?"

அவருக்குக் கோபம் வந்தது. "எனக்கு உங்கடை சட்டம் தெரியாது. அந்தப் பிள்ளை என்ரை கையிலைதான் மூச்சு விட்டது. அதை வேலிக்கு வெளியாலை தாட்டிருந்தா நான் பிறகு உங்கடை ஊருக்கு வந்திருக்கமாட்டன்."

தை மாதம் பாதையைத் திருத்தியபின் சுவாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொய் சொன்னதுக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படுறீரோ?"

ஓம் என்ற ஒரு சொல் போதும்.

"பயப்படுறன் சுவாமி. நித்திரை இல்லாமப் பயப்படுறன். ஆனா மனஸ்தாபம் இல்லை. அவள் திரும்பக் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவன்."

"மனஸ்தாபம் இல்லாமல் நான் மன்னிப்புத் தரேலாது உபதேசியார்." அவர் குரலும் உடைந்திருந்தது. "யோசியும். எப்பவெண்டாலும் வாரும்."

மன்னிப்பில்லாதவன் நற்கருணை அப்பத்தைத் தொடக்கூடாது. அடுத்த பூசையில் நான் நன்மை வாங்கப் போகவில்லை. உபதேசியாரே போகாததை ஊர் முழுக்கப் பார்த்தது. சுசிலா நேரே என் குசினிக்கு வந்தாள்.

"ஏன் அப்பு?"

சொன்னேன். அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அழுது ஓய்ந்தபின் கேட்டாள்: "அப்ப அவள் இப்ப எங்கை?"

பதினெட்டு வருடம் படிப்பித்த விடை இருந்தது. அதைச் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியாது மோனை. நீ கேக்கேக்கை இல்லையெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. நான் பிள்ளையளை வெருட்டி அழவச்ச மனுசன். எனக்கே வராத மனம் ஆண்டவருக்கு வருமோ?"

அவள் எழும்பிப் போனாள். அதன்பிறகு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

நான் உபதேசியார் வேலையை விட்டேன். சுவாமியார் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. குழியும் அந்த இடத்திலேயே இருந்தது. நான் சாகும்போது என்ன கேட்கப்படும் என்று நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது. பிள்ளையை நினைத்தால் அந்த வேர்வை இல்லை.

தபசு காலத்து ஞாயிறொன்றில் எல்லாரும் நன்மை வாங்க எழும்பிப்போக, நான் தனியே குனிந்திருந்தேன். சுசிலா வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். பெண்கள் பக்கத்துக்குப் போகாமல், ஆண்கள் பக்கம் வந்து, ஊர் பார்க்க என்னருகில் முழந்தாளிட்டாள்.